படிப்பகச் சுவரில் இரண்டு முகங்கள்: இரட்டைமலை சீனிவாசனும் அம்பேத்கரும்

மதுராந்தகம் பக்கத்தில் ஒரு படிப்பகத்தின் மேற்குச் சுவர். பத்தடி அகலம், ஏழடி உயரத்தில் இரண்டு மார்பளவு ஓவியங்கள். இடப்பக்கம் இரட்டைமலை சீனிவாசன், வலப்பக்கம் அண்ணல் அம்பேத்கர். 1930 நவம்பர் 12 அன்று லண்டனில் தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதிகளாகப் போய் உட்கார்ந்தவர்கள் இந்த இருவர். சீனிவாசன் பிறந்த கோழியாளம் இந்த வட்டாரத்து ஊர்தான். அதனால் இருவரையும் ஒரே சுவரில், அதே காலத்து வயதில் வரைவது என்று முடிவானது. பிப்ரவரி கடைசியில் தொடங்கி, சுவர் காயக் காத்திருந்த நாட்கள் போக, பதினான்கு வேலை நாட்களில் முடிந்தது.

எது சரியாக வந்தது, எது மறுபடி செய்ய வேண்டியிருந்தது, ஏன் என்பதெல்லாம் கீழே. இந்த வேலையில் மற்ற எதையும்விட இரண்டு விஷயங்களுக்கு அதிக நேரம் போனது: சுவரின் ஈரம், முகத்தின் நிறம். விளம்பரச் சுவரில் பெயிண்ட் உரிந்தால் அது வெறும் பெயிண்ட். அம்பேத்கர் முகத்தில் ஒரு மழைக்காலம் முடிந்ததும் கன்னம் உரிந்து தொங்கினால், தினமும் அந்த வழியாகப் போகிற பிள்ளைகள் பார்ப்பது வேறு.

சுவர்

பஞ்சாயத்துக் கட்டடமோ தனியார் சுவரோ, எதுவானாலும் எழுத்துமூலமான அனுமதி முதலில். பொது இடங்களில் அனுமதி இல்லாமல் எழுதுவதற்கும் வரைவதற்கும் எதிராக 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வரைந்த முகத்தை வெள்ளையடித்து அழிக்க யாருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடக் கூடாது.

இந்தச் சுவரில் பழைய சுண்ணாம்பு இரண்டு அடுக்கு, அதன்மேல் சிமெண்ட் பெயிண்ட் ஒரு அடுக்கு. கையால் தேய்த்தால் மாவாக வந்தது. இதன்மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அது சுவரைப் பிடிக்காது, மாவைத்தான் பிடிக்கும். முழுவதையும் தகட்டால் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, 80ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டு, தண்ணீரில் கழுவ ஒன்றரை நாள் ஆனது. புதுப்பூச்சுச் சுவராக இருந்தால் சுரண்டல் வேலை கிடையாது, ஆனால் 28 நாள் காய வேண்டும். பச்சைச் சிமெண்டின் காரம் பெயிண்டை அரித்துவிடும்.

கழுவிய பின் நான்கு நாள் சும்மா விட்டோம். ஈரம் போயிற்றா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி 24 மணி நேரம் விட வேண்டும். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. மூன்று இடங்களில் ஒட்டியதில் மேலே இரண்டும் காய்ந்திருந்தன. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒட்டியது வியர்த்திருந்தது. அடித்தளத்திலிருந்து ஏறுகிற ஈரம் அது, பெயிண்டால் நிறுத்த முடியாது. ஆகவே ஓவியத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடியில் தொடங்கும்படி எல்லையை உயர்த்தினோம். மழைத்தண்ணீர் தரையில் பட்டுத் தெறிக்கிற உயரத்தையும் அது தாண்டிவிட்டது.

மேலே பார்த்தால் சன்ஷேடின் அடியில் நீர் சொட்டுவதற்கான பள்ளம் இல்லை. மழைநீர் சன்ஷேடின் அடிவழியாக ஊர்ந்து சுவருக்கு வரும், அம்பேத்கரின் நெற்றியில் நேராக இறங்கும். கொத்தனாரை வைத்து விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே அரை அங்குலப் பள்ளம் போட்டோம். அரை நாள் வேலைதான். இந்த முழுத் திட்டத்தில் ஓவியத்தின் ஆயுளைக் கூட்டியது எதுவென்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பட்டி பார்க்க வெள்ளைச் சிமெண்ட் பட்டிதான். வாளியில் பசையாக வருகிற அக்ரிலிக் பட்டி உள்சுவருக்கானது, வெளியே மழையில் ஊறிப் பொரிந்துவிடும். ஒரு கிலோ தூளுக்கு 350 முதல் 400 மி.லி. தண்ணீர். கலக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுக ஆரம்பித்ததில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் வலு போய்விடும். பூசும் முன் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். காய்ந்த சுவர் பட்டியிலிருக்கும் நீரை உறிஞ்சி, அது இறுகவிடாமல் செய்துவிடும். எழுபது சதுர அடிக்கு இரண்டு கை (இரண்டு முறை பூச்சு), பத்து கிலோ ஆனது. சுவர் கரடாக இல்லாவிட்டால் ஏழு கிலோ போதும். மறுநாள் 220 உப்புத்தாள், தூசி துடைப்பு, வெளிச்சுவர் பிரைமர் ஒரு கை (ஒரு லிட்டரில் கொஞ்சம் மிஞ்சியது), பிறகு வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கை, நான்கு மணி நேர இடைவெளியில். பின்னணி வெள்ளை இல்லை, சாம்பல் கலந்த வெளிர்நீலம். சீனிவாசனின் தலைப்பாகை வெள்ளை என்பதால் வெள்ளைப் பின்னணியில் அது கரைந்துபோகும்.

படம் தேர்ந்தெடுத்தது

அம்பேத்கருக்குப் படங்கள் ஏராளம். அதுவே சிக்கல். 1930இல் அவருக்கு வயது 39. பெரும்பாலும் வரையப்படுவது ஐம்பதுகளில் எடுத்த படங்கள், தலைமுடி ஏறி, முகம் கனத்த தோற்றம். எழுபதை ஒட்டிய சீனிவாசனுக்குப் பக்கத்தில் அறுபதைத் தாண்டிய அம்பேத்கரை வைத்தால் வட்டமேசை மாநாடு என்ற கருத்தே கெட்டுவிடும். முப்பதுகளின் தொடக்கத்தில் எடுத்த படங்கள் நான்கை எடுத்து வைத்து, ஒளி ஒரே பக்கத்திலிருந்து விழுகிற ஒன்றை மூலமாகவும் மற்ற மூன்றைச் சரிபார்க்கவும் வைத்துக்கொண்டோம்.

சுற்றி வருகிற படங்களில் பல இடவலம் மாறியவை. கண்டுபிடிக்க வழி: ஆண்கள் கோட்டில் மேல்பாக்கெட் அணிந்தவரின் இடமார்பில் இருக்கும், அதாவது நமக்கு வலப்பக்கம். இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின்மேல் விழும். பாக்கெட்டும் பேனாவும் நம் இடப்பக்கம் இருந்தால் அந்தப் படம் திருப்பிப் போடப்பட்டது. முகம் யாருக்கும் இரு பக்கமும் ஒன்றுபோல் இராது. திருப்பிய படத்திலிருந்து வரைந்தால் எல்லாம் சரியாக இருந்தும் ‘என்னமோ இடிக்குதே’ என்று தோன்றும்.

சீனிவாசனுக்குக் கதை தலைகீழ், கிடைப்பவை மிகச் சில. 2000இல் வந்த அஞ்சல்தலை கைக்கு எட்டும், ஆனால் அதைப் பெரிதாக்கினால் அச்சுப் புள்ளிகள்தான் தெரியும். மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்துக் கூர்மையாக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. கொடுத்துப் பார்த்தோம். கண்ணிமை, மூக்கு நுனி, மீசையின் ஓரம் எல்லாம் புதிதாக முளைத்தன, தோலும் இரண்டு படி வெளுத்திருந்தது. அது வேறு ஒரு மனிதர். ஒரு மனிதருக்குச் சில படங்களே மிஞ்சியிருக்கும்போது அதில் பொய்யைச் சேர்ப்பது பெரிய தவறு. தெரியாத இடத்தை அகன்ற தூரிகையால் தெளிவில்லாமலேயே விடுவது மேல், தூரத்திலிருந்து பார்க்கிற கண் அதைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும்.

கட்டம் போடுதல்

ஒவ்வொரு முகப்பகுதியும் சுவரில் 150 செ.மீ. உயரம், 120 செ.மீ. அகலம். படத்தை 15க்கு 12 செ.மீ. அச்செடுத்து ஒன்றரை செ.மீ. கட்டம் போட்டால் சுவரில் 15 செ.மீ. கட்டம், சரியாகப் பத்து மடங்கு. மொத்தம் எண்பது கட்டங்கள். கண், மூக்கு, வாய் விழுகிற கட்டங்களை மட்டும் இன்னொரு முறை பாதியாக்க வேண்டும். படத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறு சுவரில் ஒரு சென்டிமீட்டர். கண்ணருகே ஒரு சென்டிமீட்டர் என்றால் ஆளே மாறிவிடும்.

முதல் நேர்க்கோடு தூக்குக்குண்டு விட்டு, முதல் கிடைக்கோடு ரசமட்டம் வைத்து. மற்றவை நீலப்பொடி தடவிய நூலை அடித்து. புரொஜெக்டர் வேகமானதுதான், ஆனால் கருவி சுவருக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் முகம் மேலே அகன்று கீழே ஒடுங்கும். அதை வைத்தாலும் முதலில் ஒரு சதுரத்தைச் சுவரில் விழவைத்து நான்கு பக்கமும் அளந்து பார்க்க வேண்டும்.

கோட்டுருவை மார்க்கர் பேனாவால் போடக் கூடாது. அதன் மை மேலே எத்தனை கை எமல்ஷன் அடித்தாலும் ஊறி வெளியே வரும். பென்சிலை அழுத்திப் போட்டாலும் வெளிர்நிறத்தில் அழுக்காகக் கலங்கும். மஞ்சள் காவி நிற எமல்ஷனை நன்றாக நீர்த்து, 6ஆம் நம்பர் உருண்டைத் தூரிகையால் வரைந்தோம். தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கோட்டுரு முடிந்ததும் செல்போனில் படமெடுத்து, மூலப்படத்தோடு ஒரே அளவில் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். சாரத்தின்மேல் நின்று முகத்தைச் சரிபார்க்க முடியாது, ஒவ்வொரு முறையும் முப்பதடி பின்னால் போய்த்தான் பார்க்க வேண்டும். முதல் தடவை அம்பேத்கரின் தாடை அரைக்கட்டம் ஒடுங்கியிருந்தது தெரிந்தது அப்படித்தான். அழகாக வரைய வேண்டும் என்ற நினைப்பில் கை தானாகத் தாடையைக் கூர்மையாக்கும், மூக்கை மெலிதாக்கும். அந்த அகன்ற நெற்றியும் கனத்த தாடையும் போனால் அவர் போய்விட்டார்.

முகத்தின் நிறம்

காலண்டரிலும் சுவரிலும் இந்தத் தலைவர்களின் முகம் ரோஜா நிறத்தில் இருப்பதற்கு நம் சமூகத்தின் நிறப்பித்து ஒரு காரணம். இன்னொரு காரணம் பெயிண்ட் டப்பாவில் இருக்கிறது. வழக்கமாக ஒரு லிட்டர் வெள்ளை எமல்ஷன் வாங்கி அதில் ஸ்டெய்னர் (செறிவான நிறத் திரவம்) ஊற்றி நிறம் கலப்பார்கள். ஸ்டெய்னர் நூற்றுக்கு நான்கைந்து பங்குக்கு மேல் போகக் கூடாது. போனால் பெயிண்ட் காயாமல் பிசுபிசுக்கும், முதல் மழையில் நிறம் ஒழுகும். அந்த அளவுக்குள் நின்றால் வெள்ளையிலிருந்து பழுப்புக்குப் போகவே முடியாது, சந்தனமும் ரோஜாவும்தான் வரும். வரைபவர் விரும்பாவிட்டாலும் முகம் வெளுத்துவிடும்.

வழி இதுதான்: வெள்ளையில் தொடங்கக் கூடாது. கடையில் நிறம் கலந்து கொடுக்கிற டின்டிங் மிஷினில் அடர்நிறங்களுக்கென்று தனி பேஸ் (அடிப்படைப் பெயிண்ட்) இருக்கிறது, அதில் வெள்ளை நிறமி இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். அடர்ந்த மஞ்சள் காவி, செங்காவி, கறுப்பு, நீலம் நான்கையும் அந்த பேஸில் ஒவ்வொரு லிட்டர் போட்டு வாங்கி, வெள்ளையைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். காவி இரண்டும் இரும்பு ஆக்சைடு, எத்தனை வருட வெயிலானாலும் வெளுக்காது. முகத்துக்குப் பளிச்சென்ற சிவப்போ எலுமிச்சை மஞ்சளோ தொடவே கூடாது. அவற்றில் பல இரண்டு கோடையில் போய்விடும், முகம் பச்சையாகவோ சாம்பலாகவோ மிஞ்சும். நீலத்தில் பிரஷ்யன் நீலம் வேண்டாம், சுண்ணாம்பின் காரம் பட்டால் பழுப்பாகும். தாலோ நீலம் நிற்கும்.

எவ்வளவு அடர்த்தி? கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைச் சொல்லாது, ஆனால் சட்டைக்காலருக்கும் கன்னத்துக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லும். அந்தக் காலப் பிலிம் சிலவற்றில் சிவப்பு கறுத்து விழும் என்பதால் ஒரே படத்தை நம்பாமல் நான்கிலும் பார்த்து நடுவானதை எடுத்தோம். கறுப்பு 0, வெள்ளை 10 என்று வைத்தால் காலர் 9, நெற்றியின் வெளிச்சம் 6, கன்னம் 5, மூக்கின் பக்கவாட்டு 4, தாடையின் அடி 2 என்று வந்தது. சுவரில் எந்தக் கட்டத்திலும் இந்த இடைவெளி சுருங்கவில்லையா என்பதுதான் தொடர்ந்து பார்க்க வேண்டியது.

கன்னத்தின் நடுநிறம் 400 மி.லி. அளவுக்கு: மஞ்சள் காவி 200, செங்காவி 120, வெள்ளை 50, கறுப்பு 20, நீலம் 5. ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்தால் மறுபடி அதே நிறம் கலக்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி நிறமியின் வலு மாறும், ஆகவே கறுப்பையும் நீலத்தையும் பாதி ஊற்றிப் பார்த்து மீதியைச் சேர்க்க வேண்டும். நிழலுக்கு இந்த நடுநிறத்தில் செங்காவியும் நீலமும் சேர்ப்பது நல்லது. கறுப்பை மட்டும் ஊற்றினால் முகத்தில் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். வெளிச்சத்துக்கு மஞ்சள் காவியும் சிறிது வெள்ளையும். நெற்றியிலும் மூக்கு முனையிலும் பளபளப்புக்கு மட்டும் நீலம் ஒரு சொட்டு கலந்த வெளிர்நிறம், திறந்த வெளியில் பழுப்புத் தோலில் மினுங்குவது வானம். ஐந்து நிறம், ஐந்து மூடிபோட்ட டப்பா. எமல்ஷன் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு படி அடர்ந்த நிறம். பட்டி பூசிய பலகைத் துண்டில் தடவி அரை மணி நேரம் கழித்துத்தான் தீர்ப்பு.

வரைந்த நாட்கள்

மேற்குச் சுவர் என்பதால் காலை ஆறரை முதல் நண்பகல் வரை நிழல். அதற்குமேல் வரைந்ததெல்லாம் வீண். சுட்ட சுவரில் பெயிண்ட் தூரிகையிலேயே இழுபடும், கொப்புளமும் வரும். காலையிலேயே ஐந்தாறு நிமிடத்தில் மேல்தோல் கட்டிவிடுகிறது, எண்ணெய் வண்ணம்போல் ஈரத்தில் ஈரமாகக் குழைக்க முடியாது. நீரைக் கூட்டி இளக்குவதும் தப்பு. அளவுக்கு மேல் நீர் போனால் பசை பிரிந்து, காய்ந்த பின் விரலோடு மாவாக வரும். மெல்லிய படலம் வேண்டுமானால் நிறமில்லாத அக்ரிலிக் மீடியத்தை நீருக்குப் பதில் சேர்க்கலாம். நிறங்கள் கலக்கும் ஓரங்களில் உலர்தூரிகைதான் கைகொடுத்தது: ஒரு அங்குலப் பட்டைத் தூரிகையில் பெயிண்ட் தொட்டு, துணியில் பாதி துடைத்து, கன்னத்தின் வளைவுக்கு ஏற்ப இழுப்பது.

முதலில் இரண்டு முகத்துக்கும் நடுநிறம் முழுவதும். அடுத்து நிழல்கள், பிறகு வெளிச்சம். கண் கடைசியில் என்பார்கள். அப்படி விட்டால் முகம் முழுக்க முடித்த பிறகு கண் இடம் மாறியது தெரியும். நிழல் போட்டவுடனே கண்ணை வைத்துவிட்டோம்.

அம்பேத்கரின் மூக்குக்கண்ணாடிக்கு அரை நாள். வட்டச் சட்டம் என்றாலும் முகம் சற்றே திரும்பியிருப்பதால் இரண்டு வட்டமும் ஒன்றல்ல, தூரத்துச் சட்டம் குறுகிய முட்டை வடிவம். பழைய எக்ஸ்ரே பிலிமில் இரண்டையும் தனித்தனியே வெட்டி வைத்து, லைனர் தூரிகையால் சுற்றினோம். சட்டம் அதே தடிமனில் சுற்றி வரக் கூடாது, மேலே சற்றுத் தடித்து, வெளிச்சம் விழும் பக்கத்தில் அறுந்து அறுந்து போக வேண்டும். சட்டத்தின் நிழல் கன்னத்தில் ஒரு விரல் தள்ளி விழும், அதை விட்டால் கண்ணாடி முகத்தில் ஒட்டியதுபோல் இருக்கும். லென்ஸில் வெள்ளைக் கோடு பெரிதாகப் போட்டதும் பார்வை செத்துப்போனது. அழித்துவிட்டு இரண்டு செ.மீ. நீளத்தில் ஒரே ஒரு கோடு, அதுவும் கருவிழியைத் தொடாமல். விழியின் வெள்ளைப்பகுதி வெள்ளை இல்லை, சாம்பல் பழுப்பு, அளவுகோலில் 6தான். கருவிழியில் ஒளிப்பொட்டு இரண்டு கண்ணிலும் கடிகாரத்தின் பத்து மணி இடத்தில். ஒன்று பத்திலும் ஒன்று இரண்டிலும் இருந்தால் மாறுகண்போல் ஆகிவிடும்.

சீனிவாசனின் மீசைக்கு முதலில் மேலுதட்டின் தோலை முழுதாக வரைந்து, அதன்மேல் நடுச்சாம்பலை உலர்தூரிகையில் இழுத்து, கடைசியில் வெளிர்நிறம் நாலைந்து இழை. தலைப்பாகைக்கு நான்கு சாம்பல்கள். தூய வெள்ளை ஒளி விழும் இரண்டு மடிப்பின் முகட்டில் மட்டும்.

கோட்டு விரைவாக முடிந்தது. அம்பேத்கருக்கு நீலம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் கிடையாது, மக்கள் கொடுத்த நிறம் அது, அவர் 1942இல் தொடங்கிய பட்டியல் சாதிக் கூட்டமைப்பின் கொடி நிறமும்கூட. ஆகவே அதை மாற்றவில்லை. தாலோ நீலத்தில் செங்காவி கொஞ்சம் கலந்தால் பிளாஸ்டிக் பளபளப்பு அடங்கி, துணிபோல் தெரியும்.

எழுத்தும் மேற்பூச்சும்

பெயர்கள் 12 செ.மீ. உயர எழுத்தில், சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம். காகிதத்தில் எழுதி, கோட்டின்மேல் ஊசியால் புள்ளி குத்தி, துணிப் பொட்டணத்தில் கட்டிய கரித்தூளைத் தட்டினால் சுவரில் புள்ளிகள் விழும். ‘இரட்டைமலை சீனிவாசன்’ நீளமான பெயர், சம இடைவெளி விட்டால் ‘ட்டை’ பிதுங்கி ‘ர’ ஒல்லியாகத் தெரியும், எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைக் கண்ணால் சமன் செய்ய வேண்டும். கீழே 1930 என்று ஆண்டு போடுவதால் ‘திவான் பகதூர்’ சேர்க்கவில்லை. அந்தப் பட்டம் வந்தது 1936இல்.

ஏழு நாள் காயவிட்டு, நீரில் கரையும் வெளிச்சுவர் கிளியர் கோட், மேட் வகை, மெல்லிதாக இரண்டு கை. பளபளப்பு வகை அடித்தால் மாலை வெயிலில் முகமே தெரியாது, கண்ணாடிபோல் அடிக்கும். எண்ணெய் வார்னிஷ் ஓரிரு வருடத்தில் மஞ்சளாகும். பனி இறங்கிய காலையில் அடித்த ஒரு ஓரம் பால்போல் வெளுத்தது. காய்ந்ததும் பெரும்பாலும் தெளிந்தது, ஒரு கையகலம் மட்டும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

ஐந்து தோல் நிறத்திலும் 50 மி.லி. சின்ன பாட்டில்களில் விளிம்புவரை நிரப்பி, கலவை அளவை எழுதி ஒட்டிப் படிப்பகத்திலேயே வைத்திருக்கிறது. எங்காவது உப்புப் பூத்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, உப்பு கரைந்து உள்ளே போய் மறுபடி வெளியே வரும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறதென்று தேட வேண்டும்.

மாலை போடுவதற்கு ஓவியத்துக்குள் ஆணி அடித்துவிடுவார்கள் என்பது தெரிந்ததே. அந்த ஆணி ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். அதனால் மேல்விளிம்புக்கு அரையடி மேலே, ஒவ்வொரு முகத்துக்கும் நாலரை அடி இடைவெளியில் இரண்டிரண்டு துருப்பிடிக்காத கொக்கிகளைப் பதித்துச் சுற்றிலும் சிமெண்ட் அடைத்திருக்கிறது. மாலை முகத்தின் குறுக்கே விழாமல் தோளுக்கு வெளியே தொங்கும். ஈரச் சாமந்தி இரண்டு நாள் உரசினால் மஞ்சள் கறை இறங்கும், மறுநாள் காலையிலேயே கழற்றிவிட வேண்டும். பொட்டு வைக்க விரும்புகிறவர்களுக்காகக் கீழே சட்டத்தில் ஒரு சின்னக் கருங்கல் வில்லை பதித்திருக்கிறது, குங்குமமும் சந்தனமும் அங்கே.